ஆம்ப்ரோஸும் காணாமல் போன ஐஸும்

ஆம்ப்ரோஸ் வீட்டில் எந்தப் பொருள் குறைந்தாலும் அதை யாரோ எடுத்திருப்பார்கள். தானாகக் குறையும் பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவர் கொள்கை. பீரோவில் போட்ட பாச்சை உருண்டைகள் காணாமல் போனதற்காக மச்சான் ஆண்ட்ரூவை வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தவர். பாச்சை உருண்டையை எடுத்துப்போய் ஆண்ட்ரூ என்ன செய்வான், தின்பானா என்று கேட்டால் கேட்டவருக்கும் ஒரு முறைப்பு கிடைக்கும்.

இத்தனைக்கும் அவர் மனைவி கிளாடிஸ் வேதியியல் டீச்சர். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அணுவையும் மூலக்கூறையும் ஊட்டிவிடுகிறவருக்கு, சொந்த வீட்டு மண்டை ஒன்றில் ஏற்ற முடியவில்லை.

பட்டினப்பாக்கத்தில் ஆம்ப்ரோஸும் மெஹபூப் அலியும் சேர்ந்து கல்யாண மேடை போடுகிறார்கள். மேடை இவர், மைக்கும் விளக்கும் அவர். வேன் பொது, கோடவுன் பொது, டிரில்லிங் மெஷினும் பொது. வகுப்பில் சகப்பிணைப்புப் பாடம் நடத்தும்போது கிளாடிஸ் இவர்களைத்தான் உதாரணம் சொல்வார்: இரண்டு அணுக்களும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்காது, பொதுவில் வைத்துக்கொள்ளும். ஒன்று கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளும் அயனிப் பிணைப்பை நடத்தும்போது அவர் யாரை நினைத்துக்கொள்வார் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆம்ப்ரோஸின் அண்ணன் மகள் பிரிஸில்லாவுக்குக் கல்யாணம் வந்தது. ரிசப்ஷனில் பெண் புகைக்கு நடுவே மிதந்து வர வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அதற்கு டிரை ஐஸ் வேண்டும். வெந்நீரில் போட்டால் வெள்ளைப் புகை தரையோடு பரவும். கடைசி நேரத்தில் அலைய வேண்டாமே என்று சில நாள் முன்பே கொஞ்சம் வாங்கிவிட்டார். கடைக்காரர் ஏதோ சொன்னார், இவர் காதில் வாங்கவில்லை. வீட்டில் உறவுக்கூட்டம் என்பதால் பெட்டியை மெஹபூப் வீட்டு மாடியில் வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் திறந்தால் தெர்மாகோல் பெட்டி காலி.

"ஐஸ் கரைஞ்சிருந்தா தண்ணி நிக்கணும்ல? ஒரு சொட்டு கீதா பாரு!" மீன் கடைக்காரம்மாக்கள் எல்லாம் பார்க்க, மெஹபூப் வீட்டு முன்னால் பெட்டியோடு நடுத்தெருவில் நின்று கத்தினார். "தண்ணி இல்லன்னா தூக்கினு போய்ட்டாங்கன்னு அர்த்தம். உன் வூட்லதானே இருந்துச்சு?"

"என்னைத் திருடன்றியா?" என்று மெஹபூப் அலி கேட்டார்.

"பின்ன?"

மெஹபூப் அலி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து துப்பறிந்த பெருமையை அளந்தவரைப் பார்த்துக் கிளாடிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அது தண்ணி ஐஸ் இல்லைங்க, கார்பன் டை ஆக்சைடு. அந்த மூலக்கூறுங்களுக்குள்ள பிடிப்பு ரொம்ப கம்மி. கட்டியா இருக்கிறது நேரா காத்தா போயிடும், நடுவுல தண்ணியாவே ஆவாது. பதங்கமாதல்னு பேரு. பாச்சை உருண்டையும் அப்படித்தான் போச்சு."

"அப்ப ஆண்ட்ரூ எடுக்கலியா?"

"ஆண்ட்ரூ கெடக்கட்டும். மெஹபூப் அண்ணன் வீட்டு ஹாஜிரா அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஆம்ப்ரோஸ் மெஹபூப் வீட்டுக்கு ஓடினார். பாதிரியாரிடம் தன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அடுத்தவர் குற்றத்தைச் சொல்லிவிட்டு வருகிறவர் என்று எங்கள் கோயிலில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். ஐஸ் போன கதையை அவர் முணுமுணுத்ததும் மெஹபூபின் மனைவி ஹாஜிரா பீ வாசலிலேயே மடக்கினார்.

"ஐஸ் காத்தோட போச்சுன்னு எங்களாண்ட வந்து மெதுவா சொல்றியே நைனா. திருடன்னு தெருவுக்கே கேக்குற மாதிரிதானே கத்துன? நாளைக்கு அவரு இந்தத் தெருவுல எப்டி நடப்பாரு?"

ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

பெண் என்ன பாவம் செய்தாள் என்று மெஹபூப் அலி சாயங்காலம் மண்டபத்துக்கு வந்துவிட்டார். ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பாமலே ஸ்பீக்கர்களைக் கட்டினார். வாசலுக்கு வெளியேயும் இரண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரக் காத்து நின்றபோது ஆம்ப்ரோஸ் மைக்கைப் பிடித்தார்.

"புகை... இல்ல. அதை யாரும் எடுக்கல. நான்தான் தெரியாம..." பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மெஹபூப் அலி சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, இன்னொரு முறை சொல்லும்படி கையைக் காட்டினார்.

"மெஹபூப் திருடல! நான்தான் முட்டாள்!"

மண்டபம் அதிர்ந்தது. சத்தம் சாலையைத் தாண்டி, காலையில் வேடிக்கை பார்த்த அதே மீன் கடைகள் வரைக்கும் போனது. அதற்குப் பிறகுதான் மெஹபூப் அலி பாட்டைப் போட்டார்.