பருவகாலப் பாடம் சொன்ன குரல்

என் அக்காள் கணவரைக் கல்லூரிப் பிள்ளைகள் 'செவிட்டு சார்' என்பார்கள். ஆங்கிலம் பேசிப் பழகும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன். அத்தான் ஒன்றை மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. மதியம் ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறந்தபடி காய்ந்துபோகும். மனுஷருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆபீஸில் கேலி. பக்கத்துக் கட்டடத்தில் நூலக வேலை எனக்கு, எல்லாம் என் காதுக்கும் வரும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியுமா என்று விட்டுவிட்டேன்.

அக்கா இதே கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். மகள் தவழ ஆரம்பித்த சமயம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே தாயைப் பறிகொடுத்த பிள்ளையை நான்தான் வளர்த்தேன். இந்த வருடம் அவளும் இங்கேயே படிக்கச் சேர்ந்தாள்.

அதே வாரம், புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை அந்த அறையின் பழைய மெஷினைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதில் பதிந்த பாடங்களை வெளியே எடுக்க வழியில்லை என்று மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டான்.

"அந்தப் பருவகாலப் பாடத்தைக் கேட்டிருக்கீங்களா? ஒரு தடவை 'இன் சம்மர்'னு வருது, அடுத்த தடவை 'இன் தி சம்மர்'னு வருது. பசங்க எதைத்தான் பிடிச்சுக்குவாங்க? தூக்கிப் போடலாம்னா உங்க அத்தான் சண்டைக்கு வர்றாரு!" என்று என்னிடம் புலம்பினார்.

வாயைத் திறக்காத மனிதர் சண்டைக்குப் போகிறாரா? நேரே போய் அத்தான் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

"'இன் வின்டர்'னும் சொல்லலாம், 'இன் தி வின்டர்'னும் சொல்லலாம். ரெண்டும் சரிதான். தப்பாயிடுமோன்னு பயப்படாதீங்க."

ஐயோ, என் அக்கா! ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, பிள்ளைகள் திருப்பிச் சொல்லக் கொஞ்சம் இடம் விடுகிறாள். அங்கே அவள் மூச்சு விடுவது கேட்கிறது. அந்த மூச்சைக் கேட்கத்தான் இந்த மனிதர் சோற்றை மறந்து கிடந்திருக்கிறார்.

"இத்தனை வருஷமா? பாவி மனுஷா, பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா அவளும் என்னை மாதிரி இங்கேயே உக்காந்துடுவா. இது விடாதும்மா. வீட்டுக்குப் போனாலும் காதுல ஓடிக்கிட்டே இருக்கும். இந்தப் பைத்தியம் என்னோட போகட்டும்."

"நாளைக்கு மெஷினைக் கழட்டிடுவாங்க. அப்புறம் தலைகீழா நின்னாலும் அவ கேட்க முடியாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. முதல் வருட வகுப்பு உள்ளே வந்தது, கூட்டத்தோடு எங்கள் பெண்ணும். அத்தான் அந்தப் பாடத்தைத்தான் போட்டார். அவர் மேசையிலிருந்து எந்த இருக்கையின் பேச்சையும் கேட்கலாம். ஆளுக்கொரு ஹெட்போனோடு அவள் இருக்கையைக் கேட்டோம். அக்கா சொன்னாள், இடம் விட்டாள். அந்த இடத்தில் அக்காவே மறுபடி சொன்னது போலிருந்தது. மகள் குரல் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

வகுப்பு கலைந்ததும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எங்களிடம் வந்தாள்.

"என்ன பாடம்ப்பா இது, அந்தக் குரலைக் கேட்டாலே தூக்கம் சொக்குது! மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையாம், எனக்கு மட்டும்தான். யாருப்பா அந்த டீச்சர்?"



"உங்கம்மா" என்றார் அத்தான்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் அதே இருக்கையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அத்தான் பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.

"இன் தி வின்டர்" என்றாள் அக்கா. இடம் விட்டாள்.

"அம்மா" என்றாள் பெண்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள் அக்கா.