பொம்மைக்கு மூச்சுக் கொடுக்கப் போன ஞாயிறு

டியூப் போடக் கற்றுக்கொள்ள ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். 2008 ஆடியில் போனேன். அதற்கு முந்தைய மாதம், வெள்ளகோவிலில் நான் டாக்டராக இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில், பாம்பு கடித்து வந்த ஒருவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாமல் திணறிவிட்டேன். பெரிய டாக்டர் ஓடிவந்து காப்பாற்றினார். கடிபட்டவர் குணமாகி நடந்தே வீட்டுக்குப் போனார். இன்னொருவர் அப்படி வந்தால் என்ன செய்வேன் என்ற பயம்தான் சாப்பிடும்போதுகூட என்னை விடவில்லை.

காலை 6.40க்கு பஸ். கூட வந்தவர் எங்கள் நர்ஸ் பூங்கொடி. காங்கேயம், நல்லூர் வழியாக 45 கிலோமீட்டர், டிக்கெட் பதினேழு ரூபாய். 8.15க்குத் திருப்பூர். நல்லூரில் ஞாயிறன்றும் பனியன் கம்பெனி மெஷின் சத்தம். லீவு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாராவது சொல்லித் தந்தால் தேவலை.

பயிற்சி நடந்த மண்டபத்து மேசையில் ரப்பர் பொம்மை: தலை, கழுத்து, நெஞ்சு, உள்ளே இரண்டு நுரையீரல் பை. டியூப் வழுக்கிப் போக வாயில் ஸ்ப்ரே அடித்து, வழிந்ததை பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார்கள். நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் கருவி பல்லில் அழுந்தினால் ‘டக்’கென்று காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் முயற்சிக்கு மூன்று டக்.

பயிற்சி தந்தவர் திருநெல்வேலிக்காரர், மயக்க மருந்து டாக்டர். அவர் சொன்ன விதி: முப்பது நொடிக்குள் டியூப் போகாவிட்டால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மாஸ்க் வைத்து, அதோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். நேரம் சொல்வது நர்ஸ். நான் குனிந்து தேடிக்கொண்டே இருந்தேன். பின்னால் பூங்கொடியின் மெல்லிய குரல்.

“டாக்டருங்க… முப்பது ஆயிருச்சாட்ட இருக்குதுங்க… எடுக்கறீங்களாங்க?”

என் காதில் ஏறவில்லை. நிமிர்ந்தபோது ஐம்பத்தெட்டு நொடி.

“இத்தனை ‘ங்க’ போட்டா பொம்மைகூட செத்துரும்மா. ‘எடு’ன்னு சொல்லுங்க, மரியாதைய பொறவு பாத்துக்கிடலாம்,” என்றார் திருநெல்வேலிக்காரர்.

எல்லோரும் சிரித்தோம், பூங்கொடியைத் தவிர. அடுத்த முறை சரியாக முப்பதில், “எடு” என்றார். எடுத்தேன். அவர் பையை அமுக்க, பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்கடுத்த முயற்சியில் இருபத்திரண்டு நொடியில் டியூப் உள்ளே. டக் இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

திரும்பும் பஸ்ஸில் காங்கேயம் தாண்டியதும் பூங்கொடி சொன்னார்: “பாம்புக்கடிக்காரரு வந்த அன்னைக்கும் நான் கடியாரத்தப் பாத்துட்டேதான் நின்னனுங்க. உங்களப் போயி எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டனுங்க.”

சொல்லும்படி நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடமும் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரைக்குள் போனால் பொம்மை அதிக நேரம் கையில் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள், உங்கள் நர்ஸையும் கூட்டிப்போங்கள்.

போன வாரம் ஒருவருக்கு டியூப் போட வேண்டி வந்தது. முப்பதாவது நொடியில் பூங்கொடியின் குரல் “எடு” என்றது, எடுத்தேன். இரண்டாம் முயற்சியில் போட்டேன். நேற்று அந்த நோயாளி இட்லி கேட்டார்.