அல்லிநகரத்துக் கோர்ட் ஏல வீடு

கோர்ட் ஏலத்தில் வீடு எடுத்தால் காகிதம்தான் கிடைக்கும், வீடு கிடைக்காது என்று அல்லிநகரத்தில் ஆளாளுக்கு எனக்குப் பாடம் நடத்தினார்கள். எழுபதுகளின் கடைசி அது. கடனுக்காக ஏலத்துக்கு வந்த வீட்டை, என் நகைகளை விற்று என் பேரிலேயே எடுத்திருந்தேன். ஏலம் உறுதியாகி விற்பனைச் சான்றும் கைக்கு வந்துவிட்டது. பழைய சொந்தக்காரர் மட்டும் அசையவில்லை. விடுவேனா? வீட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போட்டேன்.

உத்தரவோடு கோர்ட் அமீனா வந்த அன்று, அதே தெருவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சட்டி பானைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றோம். திரும்பிப் போக இடமில்லை. பழைய சொந்தக்காரர் குடும்பத்தை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டு, நடுக்கூடத்தில் ஒரு பசுவையும் கன்றையும் கட்டிவைத்திருந்தார்.

"கன்னு போட்ட பசு. இத வெரட்டிட்டுக் குடிபோறவுக வெளங்குவாகளா?" என்றார் வாசலை மறித்துக்கொண்டு.

பூட்டை உடைக்கவே அதிகாரம் உள்ள அமீனா, பசுவைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவரோ, "இன்னொரு நா வருவமே" என்று முணுமுணுத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்தது. புதுமனை புகும்போது பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி அலைவோம். இந்த மனிதர் அதை எனக்குச் செலவில்லாமல் செய்து வைத்திருக்கிறார்!

"ரொம்ப நன்றிண்ணே. பசுவுக்கு எங்கன போறதுன்னு இருந்தேன். நீங்களே கொண்டாந்து நிறுத்திட்டீக."

அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வாழைப்பழம் ஊட்டி, கூடத்திலேயே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினேன். வேடிக்கை பார்த்த தெரு சிரித்தது. அமீனாவுக்கும் தெம்பு வந்துவிட்டது.

"வீடு இந்தம்மாவோடது, மாடு ஒம்மோடது. பிடிச்சுட்டுப் போறீரா, போலீசக் கூப்பிடவா?" என்றார்.

பழைய சொந்தக்காரர் பசுவையும் கன்றையும் அவிழ்த்துக்கொண்டு போனார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கு இரக்கமே வரவில்லை. அத்தனையும் சந்தோஷம்தான்.

பிறகு வாசலில் தமுக்கு அடித்து, இந்த வீடு இனி இன்னாருக்குச் சொந்தம் என்று என் பேரைச் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து இன்னார் பெண்டாட்டி என்றே என்னைத் தெரியும் அந்தத் தெருவுக்கு. என் பேரை அன்றைக்குத்தான் கேட்டது. நான் தமுக்குக்காரரை விடவில்லை.

"அண்ணே, தெருக்கோடிக்குக் கேட்டிருக்காது. அங்கன போயி இன்னொருக்க அடிங்க."