காலுக்குள் ஸ்டேப்ளர் பின்

எங்கள் வீட்டில் செருப்பு விஷயத்தில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது பாதம் கோணிப்போனதும், இரும்புப் பட்டை வைத்த பூட்ஸோடு பள்ளிக்கூடம் போனதும், எட்டாம் வகுப்பு லீவில் ஆபரேஷன் செய்து பாதம் நேரானதும் எனக்குக் கேட்ட கதைதான். கட்டுப் பிரித்த மாதமே அந்த பூட்ஸைக் கெடிலம் ஆற்றில் போட்டுவிட்டு வந்தாளாம். அன்றிலிருந்து வாரெல்லாம் மெல்லிசான செருப்புகளாகப் பார்த்து வாங்கினாள்.

நான் நாலாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் நடந்துகொண்டிருந்த அத்தை சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"சுளுக்கிடுச்சா அத்தை?"

"இல்ல பாப்பா. கொஞ்ச நாளாவே வலிக்குது. சரிவுல வச்சா ஜாஸ்தியாவுது."

எனக்கு வலியைவிடச் சரிவுதான் பெரிய விஷயமாகப்பட்டது. என் காலை மணல் சரிவில் வைத்துப் பார்த்தேன். பாதம் மணலோடு சேர்ந்து சாய்ந்தது. அத்தையை மறுபடி வைக்கச் சொன்னேன். அவளும் பொறுமையாக வைத்தாள். அவள் பாதம் பலகை மாதிரி சாயாமல் நிற்க, கணுக்கால் மட்டும் முறுக்கிக்கொண்டது. ஏன் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனாள். துணைக்கு நான். எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அத்தையின் பாதத்துக்குள் நம் ஸ்டேப்ளர் பின் மாதிரியே மூன்று பின்கள் இருந்தன.

"எலும்பு ஒட்டற வரைக்கும் பிடிச்சுக்க வச்சது" என்றார் டாக்டர்.

"இப்ப என்னா பண்ணுது?"

"இப்ப வேலையில்ல. சும்மா இருக்கு."

பிறகு அத்தையிடம் சொன்னார். "பாதம் கோணாம இருக்க, கணுக்காலுக்குக் கீழ மூணு எலும்பு மூட்டுங்களை ஒண்ணா ஒட்டியிருக்காங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா மேடு பள்ளத்துல சாயற வேலை முழுக்க கணுக்கால் மேல விழுந்துடுச்சு. இத்தன வருஷமா ஒண்டியாப் பாத்து அது தேஞ்சிருக்கு."

கணுக்காலையும் ஒட்ட இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். அதற்கு முன்னால் காலைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி பிளாஸ்டிக்கில் பிரேஸ் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஷூவோடுதான் நடக்கவேண்டும் என்றார். அத்தை கதவோரம் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் பார்த்தாள். "பிரேஸே போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

திரும்பும்போது எக்ஸ்ரே என் மடியில்தான். பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் "யாருக்கும்மா?" என்று கேட்க, "எங்க அத்தைக்கு. உள்ள பின் இருக்கு" என்று பெருமையாகக் காட்டினேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிரேஸ் தயாரானதும் மறுபடி சிதம்பரம் போனோம். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரைக்கும் வெள்ளையாக, குழைந்து வளைந்து, கால் இல்லாமலேயே கால் மாதிரி இருந்தது. நான் அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். தட்டி ஓசை கேட்டேன். டாக்டர் சொல்லியிருந்தபடி கீழவீதியில் வாங்கிய பெரிய ஷூவுக்குள் அதோடு அத்தை காலை நுழைத்தாள். இடது பாதம் சிறியது என்பதால் எப்போதும் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை வீணாக்குவாள். பிரேஸோடு இரண்டு காலுக்கும் ஒரே அளவு சரியாகிவிட்டது.

"இனிமே ஒரு ஜோடி போதும் அத்தை" என்றேன்.

"ஆமா, போதும்" என்றாள்.

வராந்தாவின் கோடி வரைக்கும் நடந்து திரும்பினாள். முகம் சுளிக்கவேயில்லை. வலி இல்லை என்று அவளே சொன்னாள். நான் கைதட்டினேன். அவள் உட்கார்ந்து பிரேஸின் பட்டையை அவிழ்த்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"இது எவ்ளோ நாளைக்கு டாக்டர்?"

"பழகிடும்மா" என்றார் அவர்.

டாக்டருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமலிருந்தேன். ஆனால் மனசுக்குள் அது உறுத்திக்கொண்டேயிருந்தது. ஜுரம் என்றால் மூன்று நாள் மாத்திரை, கை முறிந்தால் ஒரு மாதம் மாவுக்கட்டு. இதற்கு மட்டும் கணக்குச் சொல்லாவிட்டால் எப்படி? அதுவும் ஒரு கணக்கு டீச்சருக்கு.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டேவிட்டேன். "டாக்டர் எவ்ளோ நாள்னு சொல்லவே இல்லியே அத்தை?"

"சொன்னாரு பாப்பா" என்றாள்.

நான் அவர் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிலும் நாள் இல்லை. பிரேஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.