குறட்டை நின்ற நேரம்

பம்மலிலிருந்து பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் லாசரஸ் பம்மலில் குறட்டை விட்டால், அனகாபுத்தூரில் படுத்திருக்கும் எருமை எழுந்து நிற்கும் என்று எங்கள் ஸ்டாண்டில் சொல்வோம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம். எருமை எழுந்திருக்காது, காதை மட்டும் ஆட்டும்.

அவர் மனைவி ஞானஜோதி மட்டும் இதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. அவர் குறட்டை ஏறி ஏறிப் போய்ப் பொசுக்கென்று அடங்கும். அடங்கினால் மூச்சும் இருக்காது. அவள் முட்டியால் ஒரு இடி கொடுத்ததும், கிணற்றில் மூழ்கி மேலே வந்தவர் மாதிரி இழுத்து மூச்சு விடுவார். தாம்பரத்தில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்து, தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது என்று ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கில் மாஸ்க், அதில் குழாய். காற்றை ஊதி ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். அதை மாட்டிக்கொண்டால், தும்பிக்கையோடு பிறந்த ஆட்டோ டிரைவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

அந்த மிஷின் சங்கதி வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கொரோனாவில் போன அவர் அண்ணனைச் சபை ஜனங்கள் கடைசியாகப் பார்த்தது மாஸ்க்கோடுதான். அதனால் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றதும் ஞானஜோதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"மிஷினை ஆஸ்பத்திரிக்கு எட்த்துகினு வராத. அதப் பாத்தா நம்ம ஜனங்க அடக்கப் பாட்டு பாட ஆரம்பிச்சிடும். டாக்டராண்டயும் சொல்லிடாத."

மயக்க மருந்து டாக்டர் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கழுத்து தடியா இருக்கே. குறட்டை உண்டா? தூக்கத்துல மூச்சு நிக்குமா?"

"எனக்கா? கொயந்த மாதிரி தூங்குவேன் சார்."

டாக்டர் ஞானஜோதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொல்ல வேண்டியதை மறைத்ததால், சாதா வார்டில் மல்லாக்கப் படுக்கவைத்து வலி ஊசி போட்டிருந்தார்கள். சாயங்காலம் நானும், சபையிலிருந்து ஜோசலின் அக்காவும் பார்க்கப் போனோம். குறட்டையில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர் தலையணையால் காதை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, கரண்டு போனாலும் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் தேவைப்படாது போல கீதே!" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

"அப்பாடா!" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"ஆண்டவர் நல்ல தூக்கம் குடுத்துட்டார்," என்று ஜோசலின் அக்கா கண்ணை மூடினார்.

ஞானஜோதி புருஷன் மூக்கடியில் கை வைத்தாள். இடித்தாள். வீட்டில் ஒரே இடிக்கு எழும் மனுஷன், ஊசி மயக்கத்தில் அசையவில்லை. கன்னத்தில் அறைந்தாள்.

"ஏம்மா, ஆபரேஷன் பண்ண ஆளப் போட்டு அடிக்கிற? தூங்கட்டும் வுடு!"

"தூங்கலக்கா! மூச்சு நின்னுப் போச்சு! நர்ஸம்மா!"

லாசரஸின் உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

நர்ஸ் ஓடிவந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜனை வைத்து, பெயர் சொல்லிக் கத்தினார். அடிக்கிணற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு இழுப்பு. மயக்க டாக்டரும் வந்துவிட்டார்.

"வீட்டுலயும் இப்படி ஆகுமா?"

ஞானஜோதி புருஷன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். "ஆவும் சார். டெய்லி ஆவும். வூட்ல மிஷின் கீது. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா வலிக்கு வேற மருந்து குடுத்து, கண்காணிப்புலயே வெச்சிருப்போம். அந்த மிஷினைக் கொண்டு வாங்க. இப்பவே."

ஆட்டோவை எடுத்தேன். பம்மல் மெயின் ரோட்டில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்றது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், லாசரஸின் சாமியையும் சேர்த்து.

திரும்பி வந்தபோது அவரைத் தனி அறையில் தலையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப் மாட்டியிருந்தார்கள். நர்ஸ் மாஸ்க்கைப் பொருத்தினார். வாசலில் நின்ற ஜோசலின் அக்கா அதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, லாசரஸ் பயந்த மாதிரியே, மெல்ல ஒரு பாட்டை எடுத்தார்.

ஞானஜோதி கையை உயர்த்தினாள்.

"பாட்டு வேணாக்கா. மிஷின் சத்தம் எனக்குக் கேக்கணும்."

அக்கா நிறுத்திவிட்டார். நானும், பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன். உஸ்ஸென்று காற்று போனது. வந்தது. மறுபடியும் போனது.