நடுவில் போட்ட பாய்

ஜெபத்துக்கு வல்லமை இருக்குன்னு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேணாம். இருக்கு. என் வீட்டுக் கூடத்துலயே கண்ணால பார்த்திருக்கேன். அவ்வளவு பெரிய வல்லமையைக் கையில வெச்சுக்கிட்டு எங்க சபைக்காரங்க என்னை என்ன பாடு படுத்தினாங்கன்றதுதான் என் ஆத்திரம். எழுபதுகள்ல நடந்த கதை. இன்னிக்கு நெனச்சாலும் காது ரெண்டும் சூடாகுது.

நான் கல்யாணம் ஆகி திருவண்ணாமலைக்கு வந்தப்போ என் சீர்ல ஒரு வந்தவாசிக் கோரைப் பாய் வந்துச்சு. சிவப்புக் கரை போட்ட அகலப் பாய், எங்கப்பா சொல்லி வெச்சு நெய்ய வெச்சது. வீட்ல விரிச்சு ஒரு மாசம்கூட ஆகல, என் மாமியார் அதைச் சுருட்டி சபைக்கு அனுப்பிட்டாங்க. பெண்கள் உபவாச ஜெபத்துக்காம். "கர்த்தருக்குக் குடுத்தா கொறஞ்சா போயிடும்?"னு கேட்டாங்க. புது மருமக வாய் திறக்கற காலமா அது? கம்முனு இருந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துல அந்தப் பாய்க்குத் தனி வேலை. எல்லாரும் சுவரோரமா உட்காருவாங்க, பாய் மட்டும் நடுவுல கெடக்கும். யாருக்கு என்ன கஷ்டமோ அவங்க வந்து அதுல முட்டி போடணும். மத்தவங்க சுத்தி நின்னு தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. எங்க சபையில போதகரை ஐயர்னும் அவர் சம்சாரத்தை ஐயரம்மான்னும் கூப்பிடுவோம். ஐயரம்மாதான் ஆரம்பிச்சு வைப்பாங்க. பேரை மட்டும் சொல்ல மாட்டாங்க, அது மரியாதையாம். "கர்த்தாவே, சின்னக்கடைத் தெரு பக்கம் குடியிருக்கிற, புருஷன் சாராயத்துக்கு அடிமைப்பட்டிருக்கிற, மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருக்கிற உம்முடைய மகள்"னு விலாசத்தையே சொல்லிடுவாங்க. தபால்காரன்கூட அவ்வளவு துல்லியமா வந்து சேர மாட்டான்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடிஞ்சதும் என் முறை வந்துச்சு. என் மாமியாரே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் நடுவுல விட்டாங்க. என் சீர்ப் பாயில நானே முட்டி போட்டேன். தேங்காய் எண்ணெய் வாசனையோட ஒரு கை, வெங்காய வாசனையோட ஒரு கை, கழுத்து நொடிச்சுக்கும் போல அத்தனை கை. "இந்த அடியாளின் கர்ப்பத்தைத் திறந்தருளும்"னு ஐயரம்மா உருகினாங்க. வேதத்துல ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாம இருந்து அப்புறம் பெத்த பொம்பளைங்க அத்தனை பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தியையாவது இப்படி நடுவுல முட்டி போட வெச்சாங்களான்னு கேக்கணும்னு எனக்கு நாக்கு துடிச்சுது.

அதுலருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கூத்து. எதிர் வீட்டு அம்மா ஒரு தடவை தண்ணிக் குழாய்கிட்ட என் காதோட சொன்னாங்க, "தீபத்தன்னிக்கு ஒரு தரம் மலையைச் சுத்திட்டு வாம்மா, மனசுக்கு நல்லா இருக்கும்"னு. கிறிஸ்தவ வீட்டு வேதக்காரி கோயில் மலையைச் சுத்துவாளான்னு அவங்க யோசிக்கல. ஆனா ஒரே ஒரு தடவை, ரகசியமா சொன்னாங்க. அந்த நாகரிகம் எங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் இல்ல.

என் வீட்டுக்காரர் ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார். சபைக்குச் செயலாளர். நல்லவர், கை நீட்ட மாட்டார், குடிக்க மாட்டார். அவங்கம்மா எதிர்ல மட்டும் வாயில கொழுக்கட்டை. நான் பிடுங்கி எடுத்து ஒரு லீவு நாள்ல ரெண்டு பேரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்தோம். அடுத்த தடவை போனப்போ டாக்டர் ரெண்டு பேரையும் உட்கார வெச்சு நிதானமா சொன்னார். எனக்கு ஒரு குறையும் இல்லையாம். குறை அவர்கிட்டயாம். மருந்து மாத்திரையால சரியாகற விஷயம் இல்லைன்னும் சொல்லிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் போளூர் தாண்டற வரைக்கும் அவர் ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தார். எனக்குப் பாவமா இருந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் கேட்டார்.

"வீட்ல இப்போ சொல்லிக்க வேணாம். அம்மா தாங்க மாட்டாங்க. நான் நேரம் பார்த்து சொல்றேன்."

"சரிங்க"ன்னேன். அவர் மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்.

வீட்டுக்குள்ள கால் வெச்சதும் மாமியார் கேட்டாங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு. "எல்லாம் கர்த்தர் சித்தம்னு சொல்லிட்டார்மா"ன்னார் இவர். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! கோளாறு எங்கன்னு அந்த ஒரு பார்வையிலயே தீர்ப்பு எழுதிட்டாங்க.

எங்க வீட்ல தெனமும் விளக்கு வெச்சதும் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் மாமியார் ஜெபம். அதுல தவறாம என் வயிறு வரும். "மலடியாயிருக்கிற என் மருமகளை நினைத்தருளும்"னு அழுவாங்க. நெஜமான அழுகைதான், அதுல பொய் இல்ல. முடிச்சதும் எல்லாரும் ஆமென் சொல்லணும். இவரும் சொல்லுவார். தெரிஞ்சுக்கிட்டே, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கணீர்னு ஆமென்! அந்த ஆமென்னைக் கேக்கறப்போ எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. ரூமுக்குள்ள போனதும் கேப்பேன், "எப்போதாங்க அந்த நேரம் வரும்?"னு. "வரும், வரும்"பார். கணக்கு வாத்தியாருக்கு அந்த ஒரு கணக்கு மட்டும் முடியவே இல்ல. நானே போட்டு உடைச்சிருப்பேன். ஆனா நான் சொன்னா யார் நம்புவாங்க? தன் குறையைப் புருஷன் தலையில கட்டறா பாருன்னுதான் சொல்லுவாங்க. அவர் வாயால வரணும்.

இப்படியே வருஷங்க ஓடிச்சு. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து காலத்துல ஒரு நாள் ஐயரம்மா வீட்டுக்கு வந்தாங்க. மாமியாரும் அவங்களும் கொஞ்ச நேரம் குசுகுசுன்னு பேசினாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஐயரம்மா ரொம்ப அன்பா ஆரம்பிச்சாங்க.

"இவ்வளவு ஜெபத்துக்கும் பதில் வரலைன்னா நடுவுல ஏதோ தடை இருக்குதும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி, வயசுக் கோளாறுல, ஏதாவது மறைவான பாவம்..."

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் கேட்டுட்டேன்.

"என்ன பேசறீங்க ஐயரம்மா?"

"கோவப்படாதம்மா. வர்ற வாரம் உங்க வீட்லதான் வீட்டு ஜெபம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அறிக்கை பண்ணிடு. மனசும் லேசாகும், கதவும் திறக்கும். இல்லைன்னா பெரிய வியாழன் ராப்போஜனத்துக்கு உன்னை எப்படிக் கூப்பிடறதுன்னு ஐயருக்கும் சங்கடமா இருக்கு."

சொல்லிட்டு என் கன்னத்தை வேற தடவினாங்க. அப்பமும் ரசமும் குடுக்கற ராப்போஜனத்துல ஒருத்தியை விலக்கி வெச்சா எங்க ஜனங்களுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்லணுமா? நடத்தை கெட்டவள்னு அர்த்தம். என் பேரு மட்டுமா போகும்? பொண்ணை எப்படி வளர்த்தாங்கன்னு ஊர்ல என் அப்பா அம்மா தலையும் தொங்கிடும். இவர் ஸ்கூல்லருந்து வந்ததும் சொன்னேன். "இப்பவாவது சொல்லுங்க, என் மானம் போவுது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயர்கிட்ட தனியா பேசறேன்"னார். வாரம் பூரா தெனமும் கேட்டேன். பேசவே இல்ல.

வீட்டு ஜெபத்தன்னிக்குச் சாயங்காலம் கூடம் நெறஞ்சுபோச்சு. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். சபையிலருந்து என் பாயைச் சுமந்துக்கிட்டு வந்து, சொல்லி வெச்ச மாதிரி நடுவுல விரிச்சிருந்தாங்க. அடுப்புல காப்பிக்குப் பால் வெச்சிருந்தேன். பாட்டு முடிஞ்சுது, வேதம் வாசிச்சாங்க. "இப்போ எல்லாரும் முழங்கால்படியிடுவோம். சகோதரி தன் பாரத்தை ஆண்டவர்கிட்ட இறக்கி வைப்பாங்க"ன்னார் ஐயர். அத்தனை பேரும் முட்டி போட்டு, தலை குனிஞ்சு, கண்ணை மூடினாங்க. நான் நடுவுல.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ஜெபம் பண்ணும்போது குறுக்க யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது. ஜெபிக்கறவங்க ஆமென் சொன்னாத்தான் விடுதலை. அத்தனை வருஷம் அந்த வழக்கம்தான் என்னை வாயடைச்சு வெச்சிருந்துச்சு. அன்னிக்கு ஜெபிக்கறவ நான்!

"ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சேன். அந்த உருக்கத் தமிழெல்லாம் எனக்கு வரல. "என்னைப் பாவத்தை அறிக்கை பண்ணச் சொல்றாங்க. இவங்க சொல்ற பாவம் எதுவும் நான் பண்ணல. வேலூர் டாக்டர் என்ன சொன்னாருன்னு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்தக் கூடத்துல முட்டி போட்டிருக்கற இன்னொருத்தருக்கும் தெரியும். பேரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு வாயைக் குடும் ஆண்டவரே. அவர் பேசற வரைக்கும் நான் ஆமென் சொல்றதா இல்ல."

சொல்லிட்டு நிறுத்திட்டேன்.

பெரிய கோயில்ல மணி அடிச்சு ஓஞ்சுது. யாரோ இருமினாங்க. ஐயர் தொண்டையைச் செருமினார், நான் அசையல. முட்டி வலி ஜாஸ்தியாகி ஒரு அம்மா "ஏசுவே, ஏசுவே"ன்னு முனகினாங்க. நான் எத்தனை வெள்ளிக்கிழமை முட்டி போட்டேன், இன்னிக்கு ஒரு நாள் நீங்களும் போடுங்கடின்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு தீயற வாசனை வந்துச்சு. அதுக்கும் எழுந்திருக்கல.

அப்புறம் ஆம்பளைங்க பக்கத்துலருந்து ஒரு விம்மல். இவர்தான். "கர்த்தாவே..."ன்னு ஆரம்பிச்சவருக்கு அதுக்கு மேல ஜெபம் வரல. "அம்மா, குறை என்கிட்டதாம்மா. டாக்டர் அப்பவே சொல்லிட்டார். அவகிட்ட ஒண்ணுமில்ல. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

நான் ஆமென்னேன். என் ஜென்மத்துல அவ்வளவு சத்தமா ஒரு ஆமென் சொன்னதில்ல. கூடமே ஆமென் சொல்லுச்சு. மாமியார் மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

வந்தவங்க கறுப்புக் காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்பினாங்க. பெரிய வியாழன் நான் ராப்போஜனம் எடுத்தேன், ஒருத்தரும் தடுக்கல. மன்னிச்சுடுன்னும் ஒருத்தர் சொல்லல. அது போகட்டும், இவர் ஒருத்தர் சொன்னார், எனக்கு அது போதும்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வேணும்னே போனேன். குடிகாரப் புருஷனுக்கு ஜெபிச்சாங்க, பரீட்சைக்கு ஜெபிச்சாங்க, யாரோ வீட்டு மாட்டுக்குக்கூட ஜெபிச்சாங்க. எங்க வீட்டுப் பேச்சே வரல. குறை ஆம்பளைகிட்டன்னு தெரிஞ்சதும் அந்த ஜெபக் குறிப்பே தீர்ந்துபோச்சு! நானே எழுந்து கேட்டேன்.

"ஐயரம்மா, எங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணலையா? ஆம்பளைங்க கூட்டத்துல அவரை நடுவுல முட்டி போடச் சொல்லி ஐயர்கிட்ட சொல்றீங்களா?"

ஐயரம்மா பதறிட்டாங்க. "ஐயோ, என்னம்மா பேசற? ஆம்பளையைப் போய் அப்படி நாலு பேர் நடுவுல நிறுத்தலாமா? மனசு உடைஞ்சு போயிடுவாரு."

சொல்லிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டாங்க. முந்தின வருஷம் கல்யாணமாகி வந்தவ. "வாம்மா, வந்து நடுவுல முட்டி போடு"ன்னாங்க. அது முந்தானையைத் தலைமேல இழுத்துவிட்டுக்கிட்டு பயந்து பயந்து எழுந்துச்சு.

நான் போய்ப் பாயைச் சுருட்டினேன்.

"என்னம்மா பண்ற?"

"என் சீர்ப் பாய் ஐயரம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

பாயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். நாலு அடி நடந்ததும் பின்னால காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தா அந்தப் பொண்ணு. பாயோட மறு முனையைத் தூக்கிப் பிடிச்சுக்கிச்சு.