மேண்டலினில் மூன்று கறுப்புப் புள்ளி

என் வீட்டுக்காரர் நீலமேகத்துக்கு எங்கள் ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: சாய்ச்சல். அவர் நேராகத்தான் நடப்பார். அந்தப் பெயர் அவருடைய நைனா பெரியசாமி சம்பாதித்து வைத்துவிட்டுப் போனது. மாமனார் படகு கட்டுகிறவர். அவர் கட்டிய படகெல்லாம் தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் இடது பக்கம் சாயும். ஒன்றுகூட மூழ்கியது கிடையாது, ஒன்றுகூட நேராக நின்றதும் கிடையாது. வாங்கினவர்கள் வலது பக்கம் ஒரு கல்லை வைத்து ஓட்டிக்கொண்டார்கள். அவர் போய் இருபது வருடம் ஆகிறது, படகுகளும் விறகாகிவிட்டன. ஆனால் இன்றைக்கும் கரையில் எவனாவது குடித்துவிட்டுத் தள்ளாடினால், "பெரியசாமி கட்டுனதுப்பா" என்றுதான் சொல்கிறார்கள். "யோவ் சாய்ச்சல்!" என்று யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் காது கேட்காதவர் மாதிரி போய்விடுவார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நானும் அதே வகுப்பில்தான் விட்டேன், ஆனால் அவரைப் போல வாத்தியார் மேல் பழி போட்டதில்லை. அன்றிலிருந்து நண்டு வலைதான். காலையில் வலை எடுப்பார், வந்து சாப்பிட்டுப் படுப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேண்டலினை எடுத்து மடியில் வைப்பார். மாமனார் விட்டுப்போன ஒரே பொருள் அது. எப்படி வந்தது என்று அவர் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. கம்பி அறுந்துபோன இடத்தில் வலை நரம்பைக் கட்டியிருக்கிறார். இருபது வருடமாக ஒரே பாட்டைப் பழகுகிறார். என்ன பாட்டு என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு சாந்தி தினமும் சரியாக ஆறு மணிக்கு மிக்சியைப் போடுவாள்.

போன மாசியில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கூட்டிக்கொண்டு வந்தது தமிழ்வேந்தன். சுற்றுலாக்காரர்களை ஏரியில் சுற்றிக் காட்டப் படகு வைத்திருக்கிறார். எங்கள் ஊர் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவரே. குழுவில் இன்னொருவர் உண்டு, அது அவருடைய மச்சான்.

பேராசிரியர் கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மீஞ்சூரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பெட்டியில் கிடைத்ததாம். பின்பக்கம் பென்சிலில் 'பசியாவரம்' என்று எழுதியிருந்தது. கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் கரையில் நின்று மேண்டலினைப் பிடித்திருக்கிறார். சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டு மேண்டலின்தான். ஓரத்தில் இன்னொரு ஆள் பாதி தெரிகிறார். தலை வெட்டுப்பட்டு, தோளும் கையும் மட்டும்.

"கருவியின் தலைப்பகுதியில் மூன்று கறுப்புப் புள்ளி பார்த்தீர்களா? செய்தவரின் முத்திரை. ஒரு காலத்தில் இந்தக் கரையில் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர் வழி வந்த கைவினை இது" என்றார் பேராசிரியர். "தொப்பியைப் பாருங்கள். அந்த வம்சத்தின் கடைசி ஆளாக இருக்கலாம். கருவிக்கு முந்நூறு வயதுகூட இருக்கும்."

"ஓரத்துல நிக்கறது யாரு சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது வேலைக்காரன்."

தமிழ்வேந்தனுக்கு முகமெல்லாம் பல். தன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து மேண்டலினை வைக்கப்போவதாக என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "நைனா, கரை ஒதுங்குன பொருள் ஊருக்குப் பொது. அது நம்ம ஊர்க் கட்டுப்பாடு. டச்சுக்காரன் வுட்டுட்டுப் போனதும் அப்படித்தானே?"

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று கரையில் சீட்டுக் குலுக்கும் கூட்டம். அதிலேயே மேண்டலினையும் முடிவு செய்வதாகப் பேச்சு. மூன்று நாள் இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"உங்க நைனாவோடதுன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? அவர் கை வச்சது எது உருப்பட்டுது? டச்சுக்காரன்தான் செஞ்சிருப்பான்."

தமிழ்வேந்தன் அந்தப் படத்தை ஊர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். எல்லாரும் தொப்பியைத்தான் பார்த்தார்கள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே விரலால் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்தேன். வெட்டுப்பட்ட ஆளின் தோளில் நாலாக மடித்த துண்டு. கடையில் எடுத்த மடிப்பு கலையவில்லை. அதற்குப் பிறகு, வீட்டு மேண்டலினில் இப்போது இல்லாத அந்த மூன்று புள்ளியைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் குங்குமம் வேறு எப்படி விழும்?

புதுப்படகு இறக்கும் நாளில் வாங்கினவர் அதன் மூக்கில் மூன்று பொட்டு வைப்பார். கட்டினவர் தோளில் புதுத்துண்டு போடுவார். படகு தண்ணீரைத் தொடுகிறவரை அந்தத் துண்டைப் பிரிக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. இவரிடம் சொன்னேன். மேண்டலினோடு கூட்டத்துக்கு வந்து, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். இருக்கட்டும்.

பெரியவர் வேணு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட ஆமாம்ப்பா. செஞ்சவன் ஓரத்துல நிக்கறான். தொப்பிக்காரன் வாங்க வந்தவன்."

"படகுக்குச் செய்வதை யாராவது இசைக்கருவிக்குச் செய்வார்களா?" என்றார் பேராசிரியர்.

"படகு கட்டறவன் எதைக் கட்டுனாலும் அவனுக்குப் படகுதான் சார்."

தமிழ்வேந்தன் விடவில்லை. "சரி, படகு கட்டறவன். இந்த ஏரியைச் சுத்தி அப்ப நூறு பேர் கட்டுனான். தலையில்லாத ஆளைப் பெரியசாமின்னு எப்படிச் சொல்ற? யார் செஞ்சான்னு தெரியலன்னா ஊர்ப் பொதுதான்."

என் வீட்டுக்காரர் மேண்டலினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "தண்ணியில வுட்டுப் பாத்துடலாம்" என்றார்.

"ஐயோ, முந்நூறு வருஷத்து மரம்!" என்று பேராசிரியர் குறுக்கே ஓடினார். வேணு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். முழுகினால் பொருளே போச்சு. நேராக நின்றால் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும். ஓட்டை மேலே இருக்கும்படி மெல்ல வைத்துக் கையை எடுத்தார்.

மேண்டலின் மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. அப்படியே நின்றது, ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு மெதுவாக, பழக்கப்பட்டது போல, இடது பக்கம் சாய்ந்தது.

கரை முழுக்க ஒரே சிரிப்பு.

"பெரியசாமியேதான்!"

"கல்லு வையுங்கப்பா வலது பக்கம்!"

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. தொப்பிக்காரர் மீஞ்சூர் நாடகத்தில் துரை வேஷம் போடுகிறவர் என்றும், சுருதி நிற்கவில்லை என்று மூன்றாம் நாளே மேண்டலினைத் திருப்பி எறிந்துவிட்டுப் போனார் என்றும் வேணு சொன்னார். நேற்றுவரை ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐம்பது வயது மேண்டலினுக்கு அவர் ஆராய்ச்சியில் இடம் இல்லையாம். தமிழ்வேந்தன் சீட்டுக் குலுக்கலாம் என்றார்.

இரண்டு நாள் நிழலில் காயவைத்து, நரம்பு மாற்றி, இப்போது காலையிலும் வாசிக்கிறார். சாந்தி வேலிப்பக்கம் வந்து நின்றாள்.

"ஏன்க்கா, அந்தத் துண்டை உன்னை யாரு பாக்கச் சொன்னது? டச்சுக்காரனுதுன்னே வுட்டிருந்தா பொட்டிக்குள்ள கம்முனு கெடந்திருக்கும் இல்ல?"

அந்த நேரம் கரையிலிருந்து யாரோ, "யோவ் சாய்ச்சல்!" என்று கூப்பிட்டார்கள். இவர் வாசிப்பதை நிறுத்தி, "இன்னாப்பா?" என்று திரும்பிப் பார்த்தார்.